இன்னும் இரண்டு ஸ்டார்ட்தான்

தொட்டி நிறைய யூரியா திரவம் இருந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்து, குச்சி விட்டு, கடைசியில் விரலையே விட்டுப் பார்த்தாயிற்று. ஆனாலும் வேனின் மீட்டர் பலகை காலி என்றே சாதித்தது. அதோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. கீழே இன்னொரு வரி: 'இன்னும் 6 முறை மட்டுமே ஸ்டார்ட் ஆகும்.' டீசல் புகையைச் சுத்தம் செய்கிற அந்தத் திரவம் தீர்ந்துவிட்டதாக வண்டி நம்பிவிட்டால் இப்படித்தான் கெடு வைக்கும். கெடு முடிந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் இன்ஜின் கிளம்பாது.

"கண்ணு முன்னாடி ததும்புது, இல்லவே இல்லைங்குது. இதுக்கு மூளை வேற வச்சிருக்கானாம்!" மெக்கானிக் பல்லைக் கடித்தான்.

வேன் அவனுடைய அக்காவுடையது. ஓட்டுவதும் அவள்தான். வாரத்தில் மூன்று நாள், ஆறு நோயாளிகளைக் காலையில் டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிட்டு மதியம் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இன்றும் இறக்கிவிட்ட கையோடு தம்பியின் பட்டறைக்கு வந்திருந்தாள். ஒரு மணிக்கு அவர்கள் வெளியே வருவார்கள். நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டதுபோல் கிடந்துவிட்டுத் துவண்டு வருகிறவர்களை வெயிலில் நிற்க வைக்க முடியாது. ஒரு தடவை வேன் வராமல் போனாலும் மையத்தில் இவளை நிறுத்திவிட்டு வேறு வண்டியை அமர்த்திக்கொள்வார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நிதானமாக யோசித்திருக்க வேண்டும். இவனுக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு வேலை முடிந்ததும் இன்ஜினைக் கிளப்பி, அது உறுமுவதைக் காதால் கேட்டால்தான் இவனுக்கு மனசு ஆறும். அளவு பார்க்கும் சென்சாரைப் புதிதாக மாற்றினான், கிளப்பினான், காலி என்றது. பழைய திரவத்தை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினான், கிளப்பினான், காலி. சென்சார் ஒயரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான், கிளப்பினான், காலி. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, பதிவாகியிருந்த பிழையை அழித்தான். அழிந்தது. கிளப்பினான். திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

'இன்னும் 2 முறை மட்டுமே ஸ்டார்ட் ஆகும்.'

"டேய், போதும்டா!" அக்கா ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். "நான் வரும்போது ஆறு இருந்துச்சு. நாலை நீயே தின்னுட்ட."

எரிச்சலோடு வேறு வழியில் அலசினான். மின்சாரம் பார்க்கும் மீட்டரை வைத்து ஒயரை அளந்தால் எல்லாம் சுத்தம். சென்சார் சரி, ஒயர் சரி, ஃபியூஸ் சரி. எல்லாமே சரியாக இருக்கிற வண்டி ஓடமாட்டேன் என்றால் மனிதன் யார்மேல்தான் கோபப்படுவது? பக்கத்தில் நிற்பவர்மேல்தான்.

"உண்மையைச் சொல்லு. யூரியாவுல தண்ணி ஏதாவது கலந்தியா? இல்ல கண்ட கடையில மட்டமானதை வாங்கி ஊத்தினியா?"

அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. "இதையேதான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அவர்கிட்டயும் சொன்ன. வண்டியைப் பார்க்காமலே, போன்லயே."

சொன்னது வாஸ்தவம். முதன்முதலில் எச்சரிக்கை விளக்கு எரிந்த அன்று அக்காவின் கணவர், மாமா, போனில் கேட்டார். இவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அக்கா எதையாவது ஊத்தியிருப்பா மாமா" என்று சொல்லிவிட்டு மறந்தும்விட்டான். அங்கே வீட்டில் அது பற்றிக்கொண்டது. பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று மாமா ஒரு வார்த்தை விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட மகள்தான் நடுவில் தூது.

"வாங்குன ஒவ்வொரு கேனுக்கும் பில்லு எடுத்து வச்சிருக்கேன். ஒரு சொட்டு தப்பா ஊத்தலைடா நான்." அக்கா அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வேனின் பக்கவாட்டுக் கதவுக்குப் போய், மடக்குப்படியை இறக்கி, அதில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாளா என்று பார்க்க இவனுக்குத் தைரியம் வரவில்லை.

மணி பன்னிரண்டே முக்கால்.

மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். கிளப்பப் பயம். சாவியைப் பாதி மட்டும் திருப்பினான். பீப், பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. படி திறந்திருந்தால் கத்தும். அந்தச் சத்தம் இவனுக்கு ஆகாது, காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் படியை மடக்கிவிட்டுத்தான் கிளப்பினான். இப்போது எழுந்திரு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தான்.

யூரியா: 90 சதவீதம்.

கண்ணைக் கசக்கினான். தொண்ணூறேதான்.

"அக்கா! எந்திரி! இல்ல, எந்திரிக்காத! இரு, அப்படியே இரு!"

"என்னடா, பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"சரி, இப்ப எந்திரி. படியை மடக்கு."

மடக்கினாள். காலி. இறக்கினாள். தொண்ணூறு. மடக்கினாள். காலி.

அட்டையை விரித்து அடியில் சரிந்தான். படியைத் தாங்கும் இரும்புக் கை மடங்கும் இடத்தில் சென்சார் ஒயர் வில்லில் கட்டிய நாண் மாதிரி விறைத்துக் கிடந்தது. இரும்பின் முனை அதன்மேல் தேய்த்துத் தேய்த்து, உறை போய்ச் செம்பு பல்லிளித்தது. படி இறங்கியிருந்தால் இரும்பு செம்பைத் தொடாது, மடங்கினால் தொட்டுச் சென்சாரின் தகவலைக் கெடுத்துவிடும். இவன் மீட்டர் வைத்து அளந்தபோதெல்லாம், அடியில் நுழைய வசதியாக, படி இறங்கித்தான் இருந்தது.

ஒயரை அப்படி இழுத்துக் கட்டியிருந்தது ஒரு கேபிள் டை, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. வாலை ஒட்ட நறுக்கி, முடிச்சை உள்பக்கம் திருப்பி வைத்த கேபிள் டை. தொங்குகிற ஒயரைக் கண்டால் ஆகாத ஆள் இந்த வட்டாரத்தில் ஒருவன்தான். மூன்று மாதத்துக்கு முன், நோயாளிகள் ஏறச் சிரமப்படுகிறார்கள் என்று அக்கா சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து அந்தப் படியைப் பொருத்தித் தந்தவனும் இவனேதான்.

அடியில் கிடந்தபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். டையை வெட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் முடிந்தது கதை. ஒயர் தேய்ந்திருந்தது, பழைய வண்டி, எல்லாம் சகஜம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். அவள்தான் எதையும் நம்புவாளே! வேனுக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

டையை வெட்டி, ஒயரை ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, இரும்புக்கு எட்டாத இடமாகத் தளர்வாக விட்டான். பத்து நிமிடம் ஆனது. வெளியே வந்து, வெட்டிய டையை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"நான்தான்க்கா. படி போட்டப்ப ஒயரை இறுக்கிக் கட்டிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல."

அக்கா டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள். "எனக்குத்தான் தெரியுமே, நான் ஒண்ணும் பண்ணலைன்னு. அவருக்குச் சொல்லு. இப்பவே. நான் கேக்கணும்."

"மணி ஒண்ணாகப் போகுதுக்கா."

"அதான் சீக்கிரம் சொல்லுங்கிறேன்."

போட்டான். மாமா எடுத்தார். "மாமா, வண்டி விஷயம்... அக்கா மேல தப்பில்ல. நான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ஒயரைக் கெடுத்தது நான்தான்." ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நிறுத்தினான். "பக்கத்துல இருக்காளா? கொஞ்சம் போனை அவகிட்ட குடு மாப்ள" என்றார்.

நீட்டினான். அக்கா வாங்கவில்லை. படியை மடக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. எச்சரிக்கை வரி அணைந்து, தொண்ணூறு என்று நின்றது.

"ஆறு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள், கியரைப் போட்டபடி. "எதுவா இருந்தாலும் சாயங்காலம் நேர்ல சொல்லச் சொல்லு. மக முன்னாடி."

வேன் தெருமுனையில் திரும்பியது. மெக்கானிக் போனைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"கேட்டுச்சு மாப்ள," என்றார் மாமா.