முப்பதாவது கிலோமீட்டர் பாட்டில்

சனிக்கிழமை மதியம் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுத் தையல்காரம்மா சமையலறைக்குள் வந்தபோது, மருமகள் எழுதிய தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. வறுத்துப் பொடித்த ஓட்ஸ் நான்கு கரண்டி. பழுத்த வாழைப்பழம் இரண்டு. கொட்டை எடுத்த பேரீச்சை ஆறு. பால் பவுடர் மூன்று கரண்டி. பூசணி விதைப் பொடி இரண்டு கரண்டி. உப்பு இரண்டு சிட்டிகை. எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு மிக்சியில் நைசாக அடித்து, பாட்டிலில் ஊற்றி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். விடியற்காலையில் கட்டியாக எடுத்துப் போனால், அவள் முப்பதாவது கிலோமீட்டரைத் தொடும்போது குடிக்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

மருமகள் தபால் கொண்டு கொடுப்பவள். நாள் முழுக்கச் சைக்கிளில் அலைந்த பிறகும் ஓடுவாள். அதனால் தெருவில் அவளுக்குக் 'குதிரைக்கால்' என்று பெயர். மறுநாள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். சாப்பாடு செரிக்காது, வெறும் தண்ணீரும் போதாது. நடுவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாக இந்த ஷேக் ஒன்றுதான். பந்தயம் நடத்துபவர்கள் ஓடுபவர்களிடமிருந்து முதலிலேயே பாட்டில்களை வாங்கி, எண் ஒட்டி, முப்பதாவது கிலோமீட்டர் மேஜையில் வைத்துவிடுவார்கள். அவளுடைய எண் முந்நூற்றுப் பதினெட்டு.

பூசணி விதைப் பொடி டப்பாவைத் திறந்தால் அடியில் தூசிதான் இருந்தது. கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம் ஆகும். போயிருக்கலாம். ஆனால் அலமாரியில் வேர்க்கடலை பாட்டில் கண்ணில் பட்டது.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரமே, கடலை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, தன் தட்டையும் கரண்டியையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். தையல்காரம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தன் சமையலறை அவ்வளவு அழுக்கா என்று நினைத்தாள். இந்தச் சனிக்கிழமை காலை போனில் தையல்காரம்மாவின் அக்கா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருந்தாள்.

"துடைப்பக்குச்சி மாதிரி இருக்கா உன் மருமக. கடலை இல்லாம சத்து எங்கேர்ந்துடி வரும்? எல்லாம் மனசுல இருக்கிற வியாதி. தெரியாம போட்டுக் குடுத்துப் பாரு, ஒண்ணும் ஆகாது."

தையல்காரம்மா இரண்டு கரண்டி கடலையை வறுத்து, தோல் நீக்கி, பொடித்துச் சேர்த்தாள். நல்லதுதான் செய்கிறோம் என்று அப்போது மனதார நம்பினாள். ஓடி முடித்து வந்த பிறகு, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று சிரித்தபடி சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு மகன் எழுந்து வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பந்தயம் முடியும் இடத்துக்கு எட்டரைக்குப் போனால் போதும் என்று இருந்தான். ஃப்ரிட்ஜில் ஒரு டம்ளரில் மிச்சமிருந்த ஷேக்கை எடுத்து ஒரு வாய் குடித்தான். அப்படியே நின்றான். மறுபடி முகர்ந்து பார்த்தான்.

"அம்மா, இதுல என்ன போட்ட?"

அவள் துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். விதை தீர்ந்துவிட்டது, அதனால் கொஞ்சம் கடலை என்றாள். நிமிர்ந்து பார்த்தபோது மகனின் முகத்தில் ரத்தமே இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு, ஒரு நண்பன் வீட்டு விருந்தில், கடலை கலந்த பிஸ்கட்டை மருமகள் பாதி கடித்ததையும், தொண்டை வீங்கி மூச்சு நின்றுபோகப் பார்த்ததையும், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் அவன் அப்போதுதான் அம்மாவிடம் சொன்னான். சீக்காளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் விவரம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாளாம். சொல்லும்போதே அவன் கை மனைவியின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. போன் படுக்கையறையில், தலையணைக்கு அடியில் அடித்தது. ஓடும்போது அவள் போன் வைத்துக்கொள்வதில்லை.

"பயப்படாதம்மா," என்றான், பயந்துபோன குரலில். "இடுப்பு பெல்ட்ல ஊசி மருந்து வெச்சிருப்பா. பேனா மாதிரி இருக்கும். அது இருக்கு."

தையல்காரம்மாவின் கையிலிருந்த துணி நழுவியது. பெல்ட்டின் ஜிப் பழுதென்று வியாழக்கிழமை மருமகள் தைக்கக் கொடுத்திருந்தாள். மெஷின் ஊசி இடிக்கக் கூடாதென்று உள்ளே இருந்ததை ஏதோ பேனா என்று நினைத்து வெளியே எடுத்து மெஷின் டிராயரில் போட்டவள், ஜிப்பைத் தைத்து முடித்ததும் பெல்ட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓடிப்போய் டிராயரை இழுத்தாள். நூல்கண்டுகளுக்கும் டேப்புக்கும் நடுவில் அது கிடந்தது.

பந்தயம் நடத்துபவர்களின் எண்ணுக்கு மகன் மூன்று முறை போன் செய்தான். மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒலிபெருக்கி அலறியது. முந்நூற்றுப் பதினெட்டு, பாட்டிலைக் கொடுக்காதீர்கள் என்று கத்தினான். என்ன, என்ன என்று கேட்டு, அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

தையல்காரம்மா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மூடியைக் கழற்று, தொடையின் வெளிப்பக்கம் அழுத்து, துணிக்கு மேலேயே குத்தலாம், பத்து எண்ணும் வரை எடுக்காதே என்று மகன் காற்றில் கத்திக்கொண்டே ஓட்டினான். மருமகள் ஆறு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுவாள். ஐந்து மணிக்குக் கிளம்பியவள் எட்டு மணிக்கு மேஜையைத் தொடுவாள். ஒவ்வொரு சிக்னலிலும் தையல்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வழியில் அவள் மனம் இன்னொரு வேலையும் செய்தது. கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டான் என்று சொல்லிவிடலாமா? அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது.

ஏழு ஐம்பத்தைந்துக்கு அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். மேஜை இன்னும் அரைக் கிலோமீட்டர். மகன் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு நேர்ச் சாலையில் ஓடினான். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கத் தையல்காரம்மா பத்து வருடம் நடந்த பகுதி அது. சந்து வழியே போனால் மேஜையைத் தாண்டிய திருப்பத்தில் ஏறலாம் என்று அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க மெஷினை மிதித்துத் தேய்ந்த முழங்காலோடு அவள் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது.

சந்து முடிந்ததும் மருமகள் தெரிந்தாள். மேஜையைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தாள். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கையில் அந்தப் பாட்டில்.

"குடிக்காத, குடிக்காதம்மா."

ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது கரைந்துபோனது. மருமகள் அத்தையைப் பார்த்துவிட்டாள். இவ்வளவு தூரம் தன்னை உற்சாகப்படுத்த ஓடி வந்திருக்கிறார்களே என்று அவள் முகம் மலர்ந்தது. பாட்டிலை அத்தையை நோக்கி உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரு மிடறு விழுங்கினாள்.

அடுத்த நொடி துப்பினாள். பாட்டில் சாலையில் உருண்டது. ஒரு கை தொண்டைக்குப் போனது, இன்னொரு கை பெல்ட்டின் ஜிப்பைத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பையைத் துழாவிக்கொண்டே அவள் அத்தையை நிமிர்ந்து பார்த்த பார்வையை, தையல்காரம்மா சாகும் வரை மறக்கப் போவதில்லை.

முப்பது வருடம் ஊசி பிடித்த கை அது. அன்று மூடியைக் கழற்றவே வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். நடைபாதையில் சரிந்துகொண்டிருந்த மருமகளைத் தன்மேல் சாய்த்து, தொடையில் அழுத்தி எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஏழு, எட்டு. அதுவும் நின்றுவிடுமோ என்று காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டாள். பத்து வந்த பிறகும் பேனாவை எடுக்கப் பயந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். மகன்தான் வந்து அவள் விரல்களைப் பிரித்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான்.

"வேர்க்கடலை. ரெண்டு கரண்டி. நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது," என்றாள் தையல்காரம்மா. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வரை எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றாள். ஆறு மணிக்கு உள்ளே விட்டார்கள். மருமகளின் முகம் இன்னும் வீங்கியிருந்தது. தையல்காரம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். பழியைப் பங்கு போட அவளுக்கு மனமில்லை.

மருமகள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கரகரத்த குரலில் சொன்னாள்.

"உங்க மேல கோவம் இல்ல அத்தை. நானும் முழுசாச் சொல்லியிருக்கணும். ஆனா பயமா இருக்கு. நாளைக்கு உங்க கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கப் பயமா இருக்கு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதன்பிறகு அந்த வீட்டில் கடலை நுழையவில்லை. மருமகள் தன் ஷேக்கைத் தானே அடித்துக்கொண்டாள். தண்ணீரையும் தானே பிடித்துக்கொண்டாள். தையல்காரம்மா பெல்ட்டில் ஊசி மருந்துக்கென்று சிவப்புத் துணியில் தனிப் பை தைத்தாள். தினமும் காலையில் மருமகள் கிளம்பும்போது, அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி வாசலில் நிற்பாள். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். மருமகள் மிக்சியில் ஓட்ஸைப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தங்கையின் காதருகே குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, அன்றைக்கு இரண்டு கரண்டி போட்டதுதான் தப்பு, தினம் ஒரு துளி போட்டிருந்தால் பழகியிருக்கும் என்றாள்.

தையல்காரம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அதை நாக்கோட சமாச்சாரம்னு நெனைக்காத, உயிரோட சமாச்சாரம்னு நெனை. பழக்குறதா வேண்டாமான்னு டாக்டர் சொல்லட்டும், அது நம்ம வேலை இல்ல. சாப்பிடுறவங்களுக்குத் தெரியாம ஒண்ணைக் கலந்து குடுத்தா, அதைப் பாசம்னு நாம சொல்லிக்கலாம். அவங்க தொண்டைக்கு அது விஷம்தான். நான் அந்தப் பத்து எண்ணினவ. இன்னொரு தடவ என் வீட்டுல இப்படிப் பேசாத."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சமையலறையில் மிக்சி நின்றது.

"அத்தை," என்று மருமகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "பேரீச்சைக்குக் கொட்டை எடுத்துத் தரீங்களா?"

தையல்காரம்மா எழுந்து போனாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு மருமகளின் கண்முன்னே, ஒவ்வொரு பழமாகப் பிளந்து, விரித்துக் காட்டி, ஜாரில் போட்டாள்.