ஒற்றைக் கோடு

நாற்பத்தோரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பதிவேட்டில் அவள் நாற்பத்தெட்டு என்று எழுதினாள்.

முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறைக் குழாயிலிருந்து பிடித்து வந்த தண்ணீர் அது. வியாழன் மாலை ஆறு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் அதை, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் ஊற்றி, இளஞ்சூடான இன்குபேட்டருக்குள் வைத்திருந்தாள். சனி மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே எடுத்து எண்ண வேண்டும். அவள் சனி காலை பதினொரு மணிக்கே எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எண்ணினாள். ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கிருமிக் கூட்டம். பயப்பட ஒன்றுமில்லை. 'எடுத்த நேரம்' என்ற கட்டத்தில் மாலை ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

அன்று மாலை கோயிலில் உயிர்ப்புத் திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தின நாள் வழிபாடு. பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்க வேண்டியது அவள். பிறந்ததிலிருந்து அதே கோயிலுக்குப் போகிறாள். இருபத்துமூன்று வயதுவரை கடைசி வரிசையைத் தாண்டி முன்னே வந்ததில்லை. ஆய்வுக்கூடத்திலும் வாயே திறக்காததால், சேர்ந்த நான்கு மாதத்தில் அவளுக்கு 'மியூட்' என்று பெயரே விழுந்துவிட்டது.

மேற்பார்வையாளரிடம், "மேடம், சனிக்கிழமை சாயங்காலம் வேற யாராவது எண்ண முடியுமா?" என்று கேட்டிருந்தால் போதும். வியாழன் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

வாசகம் நன்றாகப் போனது. ஒளி உண்டாகட்டும் என்று கடவுள் சொன்ன இடத்தில் அவள் குரல் நடுங்காமல் நின்றது. பிறகு எல்லோரும் மெழுகுத்திரியோடு எழுந்து நின்றார்கள். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்று சத்தமாகச் சொன்னாள். மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வந்தார். ஒரு துளி அவளுடைய வலது கையில், பேனா பிடிக்கும் விரல்மேல் விழுந்தது. அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்குபேட்டரைத் திறந்தாள். தட்டு முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை. எண்ணவே முடியாது.

எண்பத்தேழு மணி நேரம் கிடந்தால் எந்தத் தட்டும் கொஞ்சம் நிறையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். நாற்பத்தெட்டாவது மணியில் அங்கே எத்தனை இருந்தன என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் தெரியாது என்பதும் உண்மைதான். தட்டை ஆட்டோகிளேவ் நீராவியில் போட்டுக் கிருமிகளைக் கொன்றாள். குடிக்கத் தகுந்தது என்ற அறிக்கை அன்று மதியமே போய்விட்டது.

தவக்காலம் நாற்பது நாளையும் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள், உயிர்ப்புக்குப் பிறகு வரும் ஐம்பது நாளை யாரும் சீண்டுவதில்லை. இந்த முறை அந்த ஐம்பதையும் விடக்கூடாது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, பைபிளில் முதல் சீடர்களின் வரலாற்றை ஒரு பக்கம் படிப்பாள்.

"தவக்காலத்துலகூட நீ இப்படி எழுந்ததில்லையேடி. யாராவது பையனா?" என்றாள் அம்மா.

"அம்மா!"

"இல்ல, கேட்டேன். இருந்தா சொல்லு, நானும் சேர்ந்து ஜெபம் பண்றேன்."

ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தப் பக்கங்களில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்து வைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்துவிட்டோம் என்று சொன்னவர்கள். அவள் நான்கு வரி படித்தாள். பக்கத்தைத் திருப்பி அடுத்த பகுதிக்குப் போனாள். மறுநாள் தானாகவே அந்தப் பக்கம் திறந்துகொண்டது. மறுபடியும் தாண்டினாள். அதற்கப்புறம் படித்தது எதுவும் ஒட்டவில்லை. ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி உதிர்ந்துகொண்டே இருந்தது.

நான்காவது வாரம் முதியோர் இல்லத்திலிருந்து புகார் வந்தது. ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு பெரியவரை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்து சலைன் ஏற்றியிருந்தார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் திரும்ப எடுத்த தண்ணீரில் கிருமி வண்டி வண்டியாக இருந்தது. அப்படியென்றால் முதல் அறிக்கை எப்படிச் சுத்தம் என்று வந்தது?

மேலாளர் பதிவேட்டைப் பார்த்தார். நேரம், வெப்பம், எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஆய்வுக்கூடத்தில் தவறில்லை என்றால் தண்ணீர் பிடித்தவனிடம்தான் தவறு. சமையலறைவரை நடக்கச் சோம்பல்பட்டு, வாசலில் ஃபில்டர் மாட்டிய குழாயில் பிடித்திருப்பான். முடிந்தது விசாரணை.

தண்ணீர் பிடித்தவர் தீக்குச்சி அண்ணன். ஆள் ஒல்லி. அதோடு, எந்தக் குழாயில் பிடித்தாலும் முதலில், ஒட்டியிருக்கும் கிருமி சாக, அதன் வாயைச் சிறிய கேஸ் டார்ச்சால் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதற்கப்புறம்தான் பாட்டிலை நீட்டுவார். பதினாறு வருடமாக அதே கை, அதே டார்ச்.

ஏழாவது வாரம், பாட்டில் கழுவும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மியூட்டு, வெள்ளிக்கிழமை எனக்குப் பூஜை. தெரியுமில்ல?"

அவள் பாட்டிலைக் கழுவினாள்.

"நான் வாசக் குழாயில புடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். போட்டா குடோனுக்கு மாத்துவாங்களாம். போடலேன்னா வீட்டுக்காம். நல்ல சலுகைதான்."

"நீங்க எங்கண்ணே புடிச்சீங்க?"

"அட, பேசுது!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போனது. "சமையக்கட்டுலதான்மா. சமையல்காரம்மா, குழாயைக் கருக்கிட்டியேன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு. அதை யாரு போய்க் கேட்கப்போறா?" பாட்டில்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். "உங்க சாமி மூணாம் நாள் எழுந்துட்டாருன்னு சொல்றீங்க. என் பேரு கெட்டு மூணு வாரம் ஆச்சு. இன்னும் ஒரு அசைவையும் காணோம்."

கிண்டலுக்குத்தான் சொன்னார். அவள் கழுவிய பாட்டிலையே மறுபடியும் கழுவினாள்.

அன்று பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி கணக்குப் போட்டாள். தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரம். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும். பொய்ப் பதிவு எழுதினவள் என்ற பெயர் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்கும் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேரும். திறக்காவிட்டால் அவருடைய பதினாறு வருடம் போகும். கணக்கு எளிது. போடத்தான் கை வரவில்லை.

கோயிலுக்காகத்தானே செய்தேன் என்று ஒரு பதில் அவளிடம் எப்போதும் தயாராக இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அதையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கோயிலுக்காக இல்லை. ஒரு வாக்கியம் கேட்கக் கூச்சப்பட்டதற்காக. கூச்சத்தைக் கொண்டுபோய்க் கடவுளின் தலையில் கட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து, தாண்டிப்போன பக்கத்தைத் திறந்தாள். முழுவதும் படித்தாள். அந்த இருவரும் செத்து விழுந்த இடத்தையும் படித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களிடம் கேள்வி கேட்கப்பட்டது என்பதை இப்போதுதான் கவனித்தாள். பதில் சொல்ல ஒரு இடைவெளி இருந்திருக்கிறது.

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். பூட்டிய அறைக்குள் சீடர்கள் பயந்து கிடந்த இடம். உயிர்ப்பு முடிந்த அடுத்த ஞாயிறு கோயிலில் வாசித்தது. அன்று காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. உயிர்த்தெழுந்து வந்தவர் அவர்களிடம் காட்டியது கைகளை. ஆணி போன இடம் அப்படியே இருந்தது. சாவையே வென்றவருக்கு அந்தத் தழும்பை அழிப்பது ஒரு வேலையா? அழிக்கவில்லை. காட்டினார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. "இங்க பாரும்மா. தப்பு வரலாம். தப்பு மேல வெள்ளை மை வரக்கூடாது. ஒரே ஒரு கோடு. கீழ என்ன இருந்துச்சுன்னு படிக்க முடியணும். பக்கத்துல சரியானதை எழுது, கையெழுத்துப் போடு, தேதி போடு. தப்பு பண்ண தேதி இல்ல, திருத்தற தேதி."

அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "என்ன, முகமே சரியில்ல?"

"வெள்ளிக்கிழமையோட எனக்கு வேலை போகலாம்மா."

அம்மா எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னடி பண்ணினே?"

"முதல்ல சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டு வந்து உனக்குச் சொல்றேன்."

அம்மா அவளையே பார்த்தாள். மகள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அது புதிதாக இருந்தது.

"சரி," என்றாள் அம்மா. "அன்னிக்கு மதியச் சாப்பாடு கட்டவா, வேணாமா?"

"கட்டும்மா. போனாலும் பசிக்குமில்ல."

வெள்ளிக்கிழமை. உயிர்ப்பு ஞாயிறிலிருந்து எண்ணினால் நாற்பத்தெட்டாம் நாள். அவள் எண்ணித்தான் வைத்திருந்தாள்.

எட்டே முக்காலுக்கே ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பதிவேட்டை எடுத்தாள். அந்தப் பக்கம், அந்த வரி. ஸ்கேலை வைத்து 'மாலை 6' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். '48' மேல் இன்னொன்று. கீழே இருந்தது தெளிவாகப் படிக்க முடிந்தது. பக்கத்தில் சரியானதை எழுதினாள். கையெழுத்து. இன்றைய தேதி. கோடு நேராகத்தான் இருந்தது.

மேலாளர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேலாளர் மேசைக்குப் பின்னால். மேடம் ஜன்னலோரம், கைகட்டி. தீக்குச்சி அண்ணன் நாற்காலி நுனியில், முன்னால் ஒரு தாளும் பேனாவும்.

"கையெழுத்துப் போட இவ்வளவு யோசனையா?" என்றார் மேலாளர்.

"சார், குழாயைச் சுட்ட கறுப்பு இன்னும் அங்க இருக்கும். ஒரு தடவை ஆளை அனுப்பிப் பாருங்க."

"நீ போன வாரம்கூடப் போய்ச் சுட்டிருக்கலாமே?"

"அப்போ என் பதினாறு வருஷத்தையும் போன வாரம்தான் சுட்டேனா சார்?"

கதவு திறந்தது. அவள் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா? டீ சொல்லிட்டாங்களா?"

அவள் உள்ளே வந்தாள். மூன்று தப்படிதான்; முன்வரிசைவரை நடந்த தூரம்போல் இருந்தது. தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்தாள். தீக்குச்சி அண்ணன் பேனாவைக் கையில் பிடித்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தார்.

"நாங்க பேசிட்டிருக்கோம்மா," என்றார் மேலாளர். "அப்புறம் வா."

"இல்ல சார். இப்பவே."

மேடம் கைகளை அவிழ்த்துக்கொண்டு கிட்டே வந்து பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். அவர் கண் அந்தக் கோட்டில் நின்றது. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை. "நீயா?" என்று உதடு மட்டும் அசைந்தது.

வாசக மேடையில் செய்ததுபோல் மூச்சை உள்ளே இழுத்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அண்ணன் சரியான குழாயிலதான் புடிச்சாரு சார். அந்தத் தட்டை நான் நாப்பத்தொரு மணி நேரத்துலயே எண்ணிட்டேன். நாப்பத்தெட்டுன்னு பொய்யா எழுதினது நான்தான்."