சிங்க மார்க் வேண்டாம்

நான் வாங்கிய சிங்க மார்க் டயர் ஒரே வருடத்தில் வெடித்துவிட்டது. நான் ஓட்டும் லட்சணம்தான் காரணம் என்றார் விற்ற கடைக்காரர். அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, காரை அங்கேயே விட்டு, எதிர்க்கடைக்குள் நுழைந்தேன்.

“சிங்கம் மட்டும் வேண்டாங்க. மான் மார்க் கொடுங்க.”

“மான் கம்பெனிய சிங்கக்காரங்க வாங்கி பத்து வருஷம் ஆச்சு சார். ரெண்டும் ஒரே ஃபேக்டரி.”

“அப்ப கழுகு?”

“கழுகுதான் முதல்ல சிங்கத்துக்கே முதலாளி. அப்புறம் நொடிச்சுப்போச்சு. சிங்கமே அதை வாங்கிடுச்சு.”

அப்பனைப் பிள்ளை தத்தெடுத்த கதையாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை. வீம்புக்கு மானையே எடுத்தேன்.

“மாட்டுற மெஷின் எதிர்க்கடையில இருக்கு சார்.”

“அந்த ஆள்கிட்டயா? செத்தாலும் போகமாட்டேன்!”

“அவர் என் மச்சான். போன மாசம்தான் ரெண்டு கடையையும் ஒண்ணாக்கினோம்.”

திரும்பிப் பார்த்தேன். என் காரை ஏற்கெனவே ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தார் அந்த மனிதர்.

“மச்சான்,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார், “சாருக்கு மானா, கழுகா?”