நூற்று எண்பத்து நான்கு சென்டிமீட்டர்

அந்த மாதம் என் தம்பியை முதலிடத்தில் உட்கார வைத்தது நான்தான். ஆசையாகத்தான் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்குக் காறித் துப்பத் தோன்றும். துப்பிவிட்டு மேலே படியுங்கள்.

செய்தியை அளப்பது என் வேலை. படிப்பது இல்லை, அளப்பது. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். காலையில் பதினோரு பத்திரிகைகள் வந்து விழும். ஊரில் வீடு கட்டி விற்கும் கம்பெனிகளில் பெரியவை இரண்டு. ஒன்றின் சின்னம் சாவி, இன்னொன்றின் சின்னம் கிளி. அவர்களைப் பற்றி எங்கே என்ன வந்தாலும் கத்தரித்து, அறுபது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பத்தி பத்தியாக நீளத்தைக் கூட்ட வேண்டும். முதல் பக்கம் என்றால் இரண்டு மடங்கு. புகழ்ந்து எழுதியிருந்தால் பச்சை மை, திட்டியிருந்தால் சிவப்பு, ரெண்டும் கெட்டான் என்றால் பென்சில். மாதக் கடைசியில் எந்தக் கம்பெனியின் பேர் எவ்வளவு அடிபட்டது என்று வரைபடம் போட்டுச் சாவிக்காரர்களிடம் கொடுப்போம். அவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்.

பதினாலு வருஷம் இதையே செய்தால் மனசு மரத்துத்தான் போகும். குளக்கரைக் குடியிருப்பைச் சாவி இடித்துத் தள்ளிய அன்று, மண்டை பிளந்து ரத்தம் வழிய நின்ற ஒரு அம்மாவின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. எட்டுக்குப் பன்னிரண்டு, முதல் பக்கம், சிவப்பு என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சாவியின் சார்பில் எங்களிடம் பேசுகிற ஆள் எந்த வெயிலிலும் சஃபாரி உடையில்தான் இருப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பேரும் சஃபாரிதான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் புதிதாக ஒன்று கேட்டார். சாவியைப் பற்றிச் சிவப்பில் அதிகம் எழுதுகிற நிருபர்கள் யார், யார் எத்தனை சென்டிமீட்டர், வரிசைப்படி ஒரு பட்டியல். கடைசிப் பக்கத்தில் வைத்தால் போதும் என்றார். கேட்டார், கொடுத்தோம்.

முதல் மாதப் பட்டியலில் முதலிடம் ஒரு பெண் நிருபருக்கு. அடுத்த மாதம் அவர் பேர் எங்கேயுமே வரவில்லை. ஸ்கூட்டரை லாரி இடித்து முழங்கால் சிதறிவிட்டது என்றார்கள். இரண்டாம் மாதம் ஒரு வாரப் பத்திரிகைக்காரர். அவரை வீட்டு வாசலில் யாரோ கம்பியால் அடித்துத் தாடை எலும்பை நொறுக்கிவிட்டார்கள். ஏழாம் பக்கத்தில் சின்னதாக வந்தது. அந்தச் செய்தியில் சாவி என்ற பேர் இல்லை, கிளி என்ற பேரும் இல்லை. அதனால் நான் அதைக் கத்தரிக்கக்கூட இல்லை. எங்கள் வரைபடத்தில் சிவப்பு மளமளவென்று இறங்கியது. மேனேஜர் குஷியாகிக் கேக் வெட்டினார். நானும் ஒரு துண்டு தின்றேன்.

என் தம்பி ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபர். புனைபெயரில் எழுதுவான், எங்கள் ஆபீஸில் யாருக்கும் அவனைத் தெரியாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவான்.

"என்னக்கா, இந்த மாசம் நான் எத்தனாவது?"

"மூணாவது. பேசாம சாப்பிடு."

"உன் ஸ்கேல் தேஞ்சு போச்சு. முதல்ல அதைத் தூக்கிப் போடு."

அவனுக்குப் போட்டி, அதே பத்திரிகையில் அவனுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் நிருபர். தாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார், தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவார். "உங்க அக்காவே அளந்து சொல்லிட்டாங்க, நீ எனக்குப் பின்னாடிதான்டா" என்று தம்பியை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார். இவனுக்கு மூக்கு சிவந்துவிடும். ஒரே ஒரு மாதம் அந்தத் தாடியை முந்திக் காட்டிவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் மாதம் அளந்தேன். முன்னால் இருந்த இரண்டு பேரும் ஒழிந்துபோனதால் தாடி முதலில் வந்தார், நூற்று எண்பத்து நான்கு. தம்பிக்கு நூற்று முப்பத்தொன்பது. எனக்கு மனசு கேட்கவில்லை. 'நமது நிருபர்' என்று பேர் போடாமல் வருகிற செய்திகளைத் தனி வரிசையில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அதில் நாலைந்தை அவன் கணக்கில் தள்ளினேன். தலைப்புக்கும் படத்துக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தை அளக்கக் கூடாது. அவனுக்கு மட்டும் அளந்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. சாயங்காலம் சொன்னதும் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். உடனே தாடிக்குப் போன் போட்டு "நாளைக்கு டீ உங்க செலவு" என்று கத்தினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

மறுநாள் காலை அறிக்கையோடு நானும் மேனேஜரும் சாவி ஆபீசுக்குப் போனோம். பதினாறாம் மாடி. மேஜை நடுவில் அட்டையில் செய்த குட்டிக் குட்டி அடுக்குமாடிகள், பக்கத்தில் நீலக் கண்ணாடியில் குளம். மேனேஜர் திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். சஃபாரி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தார், கதவுக்கு வெளியே நின்ற தொப்பிக்காரன் ஒருவனை உள்ளே கூப்பிட்டார். படம் முடிந்து நான் மேஜைக்கு அடியில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒயர் சுருட்டுகிறவளை அவர் ஓர் ஆளாகவே மதிக்கவில்லை.

"முதல் பேரு. மாலைப் பத்திரிகைக்காரன்."

"போன தடவை மாதிரியா சார்?"

"போன தடவை தாடையோட விட்டுட்டீங்க. அவன் எழுதிக் காட்டி சாட்சி சொல்றானாம். இவன் எந்திரிக்கவே கூடாது."

 எழுந்தபோது மேஜை விளிம்பில் தலை இடித்தது, வலி தெரியவில்லை. தொப்பிக்காரன் போய்விட்டான். லிப்டுக்குள் போனதும் மேனேஜரின் சட்டையைப் பிடித்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா? அந்தப் பட்டியல் எதுக்குன்னு தெரியுமா?"

"கத்தாதம்மா. நாம அளந்து குடுக்கிறவங்க. அதை வெச்சு அவங்க என்ன பண்றாங்கன்னு நமக்கு எதுக்கு?"

கையிலிருந்த லேப்டாப் பையால் அவர் மூஞ்சியில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி நொறுங்கியது. இன்னொரு முறை அடித்தேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி வெள்ளைச் சட்டையில் வழிந்தது. பதினாலு வருஷமாக அவரைச் சார் என்று மட்டுமே கூப்பிட்டவள் நான்.

"அது என் தம்பிடா!" என்றேன். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவர் பையிலிருந்து போனைப் பிடுங்கி, அவர் விரலையே வைத்துத் திறந்து, சஃபாரியின் எண்ணை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறித் தம்பிக்குப் போன் அடித்தேன். ஏழு முறை அடித்தேன். மாலைப் பத்திரிகை நண்பகலில்தான் அச்சுக்குப் போகும், அந்த நேரத்தில் உலகமே இடிந்தாலும் அவன் போனை எடுக்க மாட்டான். போலீசுக்கு அடித்தேன். அது எந்த ஸ்டேஷன் எல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். லைனைத் துண்டித்தேன். சஃபாரிக்கு அடித்தேன்.

"சார், பட்டியல்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. முதல் பேரு அது இல்ல."



"என்னம்மா இது? அளவுல தப்பு வரலாமா? உங்களை நம்பித்தானே நாங்க காரியம் பண்றோம்." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அவனுக்கு நூத்தி முப்பத்தொம்பதுதான் சார். அவனை விட்டுடுங்க."

"அப்ப முதல்ல யாரு?"

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம், வாயில் வந்த ஒரு பொய்ப் பேரைச் சொல்லியிருக்கலாம். இப்போது உட்கார்ந்து யோசித்தால் நூறு வழி தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. வேறு ஓர் ஆள் கிடைக்காமல் அவர் தம்பியை விடமாட்டார். தாடியின் பேரைச் சொன்னேன்.

"எத்தனை?"

"நூத்தி எண்பத்தி நாலு."

"ஆள் எப்படி இருப்பான்?"

"தாடி வெச்சிருப்பார்."

"சந்தோஷம்மா. இனிமே பாத்து அளங்க."

தம்பியின் பத்திரிகை இருக்கிற அச்சகத் தெருவில் ஆட்டோ திரும்பியபோது காகித உருளை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றது. அதன் பக்கவாட்டில் தம்பியை முடியைப் பிடித்துச் சாத்தி வைத்திருந்தான் தொப்பிக்காரன். அவன் கையில் இரும்புக் கம்பி. கூட இரண்டு பேர். தம்பியின் வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது. நெற்றி கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். தெருவில் அத்தனை கடைகள், அத்தனை பேர். ஒருத்தனும் அசையவில்லை.

அசைந்தவர் தாடி ஒருவர்தான். அச்சக வாசலில் வாட்ச்மேன் உட்காரும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஒருவன் முதுகில் போட்டார். ஸ்டூல் கால் முறிந்து பறந்தது. மற்றவன் அவர் வயிற்றில் உதைத்தான். அவர் விழுந்து எழுந்து மறுபடி வந்தார்.

அப்போதுதான் தொப்பிக்காரனின் பையில் போன் அடித்தது. ஒரு கையால் தம்பியின் முடியை விடாமல் பிடித்துக்கொண்டே, கம்பியைக் கக்கத்தில் இடுக்கி, எடுத்துப் பேசினான். "சரி சார்" என்றான். தம்பியை ஒரு முறை பார்த்தான், முடியை விட்டான். தம்பி லாரிச் சக்கரத்தோடு சரிந்து விழுந்தான். தொப்பிக்காரன் திரும்பித் தாடியைப் பார்த்தான்.

"அட, நீதானா அது? தேடாம நீயே வந்து நிக்கிற."

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. காய்ந்த கட்டை பிளக்கிற சத்தம். அவர் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். இரண்டாவது அடியைக் கையால் தடுத்தார், விரல்கள் நசுங்கின. நான் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினேன். எங்கே போனாலும் என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஸ்கேலை உருவி முதலில் எதிர்ப்பட்டவன் முகத்தில் வீசினேன். கன்னம் உதடுவரை பிளந்தது, அலறிக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் என் வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்றுவிட்டது. தார் ரோட்டில் முகம் தேய விழுந்தேன். என் கண்ணுக்கு நேரே, நாலு முழத் தூரத்தில், தாடியின் முகம்.

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"அக்கா, தம்பியைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை. எதையும் அளக்காமல் விட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். தலை தலையாக இல்லாமல் போகிறவரை அடித்தார்கள். கம்பியை அவர் சட்டையிலேயே துடைத்துவிட்டு, பைக்கில் ஏறி, அவசரமே இல்லாமல் போனார்கள். நான் தம்பியிடம் தவழ்ந்து போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரியில் தம்பியின் கையைக் கட்டி, நெற்றியில் பதினோரு தையல் போட்டு, சாயங்காலத்துக்குள் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே பிணவறைக் கதவு. அதன் பக்கத்துச் சுவரில் தாடியின் மனைவி நெற்றியை மோதிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. சுவரில் சிவப்பாகக் கறை பட்டிருந்தது.

"என்னைக் கொல்லத்தாங்கா வந்தானுங்க" என்றான் தம்பி. "என் பேரைக் கேட்டுட்டுத்தான் அடிச்சானுங்க. நடுவுல ஒரு போன் வந்துச்சு. அதுக்கப்புறம் என்னை விட்டுட்டு அவரைப் பிடிச்சுட்டானுங்க. யார்க்கா அந்த போன் பண்ணினது?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சுவரில் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது.

"நான்தான்டா."

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், முழங்கால், தாடை, நான் சேர்த்த ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், ஆட்டோவில் பேசியது, ஒன்று விடாமல்.  சொல்லி முடித்ததும் நல்ல கையைத் தூக்கினான். அடிக்கப் போகிறான் என்று முகத்தைக் காட்டினேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அவன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். ரத்தத்தில் ஒட்டிப்போன தாள்களைப் பல்லால் பிரித்து, காய்ந்த பக்கம் ஒன்றைத் தேடி மடியில் விரித்தான். பேனாவை இடது கையில் பிடித்தான்.

"பேர் சொல்லுங்க."

"டேய், நான்டா."

"பேரு, வயசு, எங்க வேலை பாக்குறீங்க. அப்புறம் போன்ல நீங்க சொன்னதும் அந்தாளு சொன்னதும் அப்படியே வேணும்."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேரைச் சொன்னேன். கோணல்மாணலாக எழுதிக்கொண்டான். வயதைச் சொன்னேன். அதையும் எழுதினான்.

"அப்பா பேரு?" என்று கேட்டான்.

எங்கள் அப்பாவின் பேரைச் சொன்னேன்.