நூறு லிட்டர் தொட்டிக்கு நாலு பேர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வடிகிறதே என்று பிரஷர் டேங்க் வாங்கப் போயிருந்தேன். "வீட்ல எத்தனை பேர்?" என்றார் கடைக்காரர், தலையை நிமிர்த்தாமல். "ஒருத்தர்தான்" என்றேன். இருபத்துநாலு லிட்டர் தொட்டியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவரிடமும் அதே கேள்வி. அவர் கொஞ்சம் தாமதித்து, "நாலு பேர்" என்றார். அவர் பக்கம் நூறு லிட்டர் தொட்டி நகர்ந்தது.

தொட்டியோடு அந்தத் தாமதத்தையும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். இனி வருவதெல்லாம் என் கட்டுக்கதை.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

(அ) மனைவி போன பிறகு அந்த வீட்டுக் குழாய்கள்கூட அழுது அழுது— [சீ. குழாய் அழுவதாவது!]

(ஆ) அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். ஓரடி நிலத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர்.

இது நிற்கட்டும். அப்படிப்பட்டவர் ஏன் தப்பான எண்ணைச் சொன்னார்? மகள், மருமகன், பேத்தி மூவரும் வேறு நாட்டில். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றோம்ப்பா" என்று மகள் சொல்வதை நம்பி, மூவரையும் சேர்த்துக்கொண்டார். மகள் சொன்ன லீவுகளில் நான்கு ஏற்கெனவே வந்து போய்விட்டன. அவருக்குத் தனிமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

3

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். உள்ளே ஒரு ரப்பர் பை. அதில் தண்ணீர், சுற்றிலும் அடைத்த காற்று. குழாயைத் திறந்தால் காற்று தண்ணீரை நெட்டித் தள்ளும். அது தீரும்போதுதான் மோட்டார் ஓடும். சின்னத் தொட்டி என்றால் கை கழுவினாலே மோட்டார் உறுமும். பெரிய தொட்டி என்றால் மோட்டார் சீக்கிரம் வாய் திறக்காது.*

(* நூறு லிட்டர் என்பது பேருக்குத்தான். கைக்கு வரும் தண்ணீர் முப்பது லிட்டர் இருந்தால் அதிகம்.)

ஆக, ஒற்றை ஆள் வீட்டில் நூறு லிட்டர் தொட்டி வைத்தால் மோட்டார் சத்தம்கூட எப்போதாவதுதான் கேட்கும். பாவம், அவர் இதை யோசிக்கவில்லை. நானே மூன்றாம் பிரதியில்தான் யோசித்தேன்.

4

பிளம்பர் காலையிலேயே வந்து தொட்டியை மாட்டிவிட்டார். [இவரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். தனியாக இருப்பவரை இன்னும் எதற்கு வாட்ட வேண்டும்? மாற்றிவிட்டேன்.]

"சார், நான் பிரஷர் காட்டுற கேஜ் பக்கத்துல நிக்கிறேன். 'திற'ன்னு கத்தினதும் சமையல்கட்டு, பாத்ரூம், மாடி, மூணு குழாயும் ஒரே நேரத்துல திறக்கணும். வீட்ல இருக்கிறவங்கள ஆளுக்கு ஒண்ணுகிட்ட நிக்கச் சொல்லுங்க."

"இதோ, சொல்றேன்."

சர்வேயர் சமையல்கட்டுக் குழாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்ரூம்ல ஆள் இருக்காங்களா சார்?"

"இருக்காங்க, இருக்காங்க."

"மாடியில?"



5

முடிவு ஒன்று: அந்த நொடியில் வாசலில் மகள், கையில் பெட்டியோடு. கிழித்துப் போட்டேன். எனக்கே நம்பிக்கை இல்லாததை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

முடிவு இரண்டு: "யாருமில்லப்பா" என்கிறார். "அதனால என்ன சார்" என்று பிளம்பரே மாடியேறுகிறார். நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. கடையில் "ஒருத்தர்தான்" என்று சொன்னவன் நான். சொன்ன பிறகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே பாத்ரூம் குழாயருகே நானே போய் நிற்கிறேன். அவரைப் பொய் சொல்ல வைத்தவன் இதையாவது செய்ய வேண்டும். மாடி ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்காது. ஏறியதும் வலப்பக்கம் இரண்டாவது கதவு. குழாய் கொஞ்சம் இறுகியிருக்கும்; திறந்து வெகு நாளாகிறது.

"சார், மாடியில ஆள் இருக்காங்களா?"

அவர் மாடிப்படியைப் பார்க்கிறார். நீங்கள் மாடிக்குப் போவதாக இருந்தால் இப்போதே போக வேண்டும்.