டிர்க்கின் மூக்கு, கோரினின் நாக்கு

1.

இது கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை நண்பர் போனில் கேட்டார்: "இத்தனை வருஷமா அமெரிக்காவுல இருக்கீங்க. பியர் பிரியர்களுக்கு அந்த நாட்டுல எந்தப் பக்கம் உசத்தின்னு ஒரு ஒப்பீடு எழுதுங்களேன். பெரிய கம்பெனி சரக்கு வேணாம். சின்னச் சின்னதா கைப்பக்குவமா காய்ச்சுறாங்களாமே, அது." சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"அமெரிக்காவின் கிராஃப்ட் பியர் உலகை நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கலாம். முதலாவதாக"

அதோடு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தெரிதல். பெரிய ஏரிகள் பக்கத்து ஊரான கிராண்ட் ராப்பிட்ஸில் என் பக்கத்து வீடு கோரின், டிர்க் வாண்டர்வீன் தம்பதியுடையது. நான்கு பகுதிகளையும் சுற்றி வந்தவர்கள் அவர்கள். அந்தப் பயணத்தில் அவர்களுக்கு நடந்ததை விட்டுவிட்டு பியரை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. நண்பர் மன்னிப்பார்.

(இருவரும் அறுபதை நெருங்குகிறவர்கள். அவன், அவள் என்றுதான் எழுதப்போகிறேன். வேலிக்கு மேலே கிண்ணம் கைமாறிக் கைமாறிக் கிடைத்த உரிமை.)

2.

ஒரு தொடக்கம்: "குவளையின் விளிம்பில் பொன்னிற நுரை பூத்து..." அடித்துவிட்டேன். விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: "பிப்ரவரி மாதம் கோரினின் மூக்கு செத்துப்போனது." இது நிற்கட்டும்.

கோரின் ஒரு மாதப் பத்திரிகையில் பியரைப் பற்றிப் பத்தி எழுதுகிறவள். அவள் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் கடை வாசலில் வரிசை நிற்கும். பிப்ரவரியில் ஒரு காய்ச்சல் வந்து போனது. எழுந்து உட்கார்ந்ததும் ஒரு டின்னைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. பியருக்குப் பதில் தண்ணீரை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்து, காய்ச்சுகிறவருக்குச் சொல்லப் போனை எடுத்தாள். அப்போதுதான், அடுப்பில் வெங்காயம் கரிந்து புகைந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. வாசனை வரவில்லை.

நாக்கு பிழைத்துக்கொண்டது. கசப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் தெரிந்தது. வாசம் மட்டும் இல்லை. "பழகின வாசனைகளைத் தினமும் மனசுல கொண்டுவாங்க. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் மருத்துவர். கோரின் ஆறு மாதம் பழைய கதைகளையும் பேட்டிகளையும் போட்டுப் பத்தியை ஒப்பேற்றினாள். ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் கிரெட்சன் கூப்பிட்டாள்: கொலராடோ மலைப்பக்கம், ஒரிகான், நம்ம ஏரிக்கரைப் பக்கம், வெர்மான்ட், நான்கையும் சுற்றிக் குடித்துப் பார்த்து, எது முதலாவது என்று அட்டைக்கட்டுரை வேண்டும்.

"அவகிட்ட உண்மையைச் சொல்லிடு" என்றான் டிர்க்.

"சொன்னா பத்தியை வேற யாருக்காவது குடுத்துடுவா. மூக்கில்லாத பியர்க்காரியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?"

"அப்ப என் மூக்கை எடுத்துக்க."

"நீ ஆயுசுல பியர் குடிச்சதில்லையேடா."

"அதான் சொல்றேன். மூக்கு புத்தம் புதுசு. பொட்டியைக்கூடப் பிரிக்கல."

டிர்க் மாவட்டச் சாலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அவன் வளர்ந்த டச்சு சர்ச்சில், பிள்ளைகள் எதிரில் பியர் என்ற சொல்லைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். மனைவி அந்தத் தொழிலில் பெயர் எடுத்தபோதும் அவன் தடுக்கவில்லை, தொடவும் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு குறை. "என் எழுத்துல ஒரு வரி இந்த மனுஷன் படிச்சதில்ல" என்று எங்களிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருப்பாள். அவன் தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

(டிர்க்கின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இவ்வளவு நல்ல புருஷன் கதைக்கு ஆகாது. வாசகர் நம்ப மாட்டார். பொறுங்கள், அவனும் ஒரு காரியம் செய்திருக்கிறான்.)

3.

ஏரிக்கரைப் பக்கம் என்பது எங்கள் ஊர்தானே. சமையலறை மேஜையிலேயே ஆரம்பித்தார்கள். கறுப்பு பியர், காபி போட்டுக் காய்ச்சியது. டிர்க் முகர்ந்தான், ஒரு மடக்குக் குடித்தான், கண்ணை மூடினான்.

"ராத்திரி மழை பெஞ்ச தோட்டத்துல யாரோ சாக்லேட் உருக்குற மாதிரி."

கோரின் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "டிர்க்! உனக்குள்ள இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

அவன் தோளைக் குலுக்கினான்.

செப்டம்பரில் பிக்கப் வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கொலராடோவில் அவன் சொன்னான்: "ரொட்டி அடுப்பைத் திறந்ததும் மலைக்காத்து உள்ள வந்த மாதிரி." ஒரிகானில், பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப்ஸ் பூவின் அறுவடை நேரம். கொடியிலிருந்து பறித்த பச்சை ஹாப்ஸை அப்படியே போட்டுக் காய்ச்சிய பியரை முகர்ந்து சொன்னான்: "இப்பத்தான் அறுத்த பைன் பலகை. அது மேல பம்பளிமாஸ் தோலைப் பிழிஞ்சுவிட்டது." ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு டின் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். இரவு விடுதியில் கோரின் அவன் சொன்னதை வைத்து எழுதி அனுப்பினாள்.

கிரெட்சனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பழைய கோரின் திரும்பி வந்துவிட்டாள்.

அன்று கோரின் வண்டியில் போகும்போது டிர்க்கின் தொடையில் கையை வைத்தபடியே வந்தாள் என்று என்னிடம் சொன்னாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனை இப்போதுதான் பார்ப்பதுபோல இருந்ததாம். (இந்த இடத்தில் மேற்கு வானம், சூரியன் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கை வைத்தது போதும்.)

4.

வெர்மான்ட். அக்டோபர் முதல் வாரம். மலையெல்லாம் சிவந்து கிடந்தது.

அங்கே ஓடெட் என்றொருத்தி பழைய மாட்டுக்கொட்டகையைக் கழுவிப் பூசி, அதில் பியர் காய்ச்சுகிறாள். அவள் கடையைத் தொடங்கியபோது முதலில் எழுதியவள் கோரின்தான். அந்தப் பத்தியால்தான் கடை நின்றது என்று ஓடெட் இன்னும் சொல்வாள்.

(ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று. தமிழில் நான் முடிவு செய்தாக வேண்டும். ஓடெட் கோரினை 'நீங்க' என்றே சொல்லட்டும். அவள் குரலில் அந்த மரியாதை இருந்தது.)

ஓடெட் வெளிறிய, மேகம்போல் கலங்கிய பியரை இரண்டு குவளைகளில் கொண்டுவந்து வைத்தாள். இந்தப் பக்கத்துப் பியரெல்லாம் அப்படித்தான் கலங்கியிருக்கும். வழக்கம்போல் டிர்க் முதலில் எடுத்தான். முகர்ந்தான். அவன் புருவம் ஒரு கணம் நெளிந்தது. குடித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"வெயில்ல காயுற ஜன்னல் கட்டையில வெச்ச பீச் பழம். அதோட தோலை இன்னும் யாரும் கடிக்கல."

ஓடெட் சிரித்தாள். "அட, இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே! கோரின், எங்க முதல் பியரைப் பத்தி நீங்க எழுதினதாச்சே இது. எனக்கும் மனப்பாடம். ஆனா சார், இது அது இல்ல. இது மேப்பிள் மரப்புகையில வாட்டின முளைப் பார்லியில காய்ச்சுனது. பன்னிக்கறி வறுக்குற வாசம் ஆளைத் தூக்குதே. பீச் எங்கேருந்து வந்துச்சு?"

டிர்க்கின் காது சிவந்துவிட்டது. கோரின் தன் குவளையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். புகையும் இல்லை, பழமும் இல்லை. குவளையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

5.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். டிர்க் அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் வாங்கவில்லை.

"எப்பலேருந்து?"

"மொதல் நாள்லேருந்து."

"சாக்லேட், மழைத் தோட்டம்?"

"நீ எழுதுனது."

"பைன் பலகை? ரொட்டி அடுப்பு?"

"எல்லாம் நீ எழுதுனதுதான், கோரின். நான் எங்க போவேன் அப்படியெல்லாம் சொல்றதுக்கு?"

"நீதான் ஒரு வரிகூடப் படிச்சதில்லையே!"

"ஊர் பூரா சொல்லுவே. நானும் கேட்டுக்குவேன்."

"எப்ப படிச்சே?"

"பனி கரையத் தூவுறதுக்கு வண்டிக்கு உப்பு ஏத்துற எடத்துல வரிசையில நிக்கணும்ல? அப்ப. ஒண்ணு விடாம."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நல்லா இருக்கான்னு கேப்பே. எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியாது."

அவள் அழுதாள். கோபம்தான். "என் வார்த்தையை எனக்கே குடுத்துட்டே. நான் அதைக் கிரெட்சனுக்கு வித்துட்டேன். அதுகூடப் பரவால்ல டிர்க். என் வாக்கியத்தை எனக்கே அடையாளம் தெரியல. நல்லா இருக்குன்னு பேனாவைக் கீழ வெச்சேன் பாரு!"

(எழுதுகிறவர்களுக்கு இது எங்கே குத்தும் என்று தெரியும். நான் இந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்துபோய், என் பழைய கதை ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பாதி வரிகள் யாரோ எழுதியவை.)

டிர்க் கோட்டை அவள் தோளில் போட்டான். இந்த முறை அவள் உதறவில்லை.

"டாக்டர் சொன்னாருல்ல, பழகின வாசனையை மனசுல கொண்டுவரச் சொல்லி. உன் வாசனையெல்லாம் நீ எழுதி வெச்சதுலதானே இருக்கு? அதைச் சொல்லிட்டே இருந்தா என்னிக்காவது சட்டுனு உனக்கு வந்துடும்னு நெனச்சேன். இன்னிக்கு, ஓடெட் பியரைப் பத்தி நீ எழுதுனதுல எனக்கு ஒரே ஒரு வரிதான் தெரியும். புகை வாசம் வந்துச்சு. என் சட்டையில இருக்கும்னு நெனச்சுட்டேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அவன் மேல் இன்னும் கோபப்பட்டாள். பிறகு, நின்ற இடத்திலிருந்தே கிரெட்சனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

பிறகு கிரெட்சன் கேட்டாள்: "யார் மூக்கு? உன் வீட்டுக்காரனா? விருந்துக்கு வந்து எலுமிச்சை ஜூஸ் குடிச்சுட்டுப் போனானே, அவனா?"

"அவன்தான்."

"அனுப்புனதையெல்லாம் தூக்கிப் போடறேன். எனக்கு வயிறு எரியுது கோரின், சொல்லிட்டேன். எட்டு மாசமா என்கிட்ட மறைச்சிருக்கே. திங்கக்கிழமைக்குள்ள உண்மையா ஒண்ணு எழுது. இல்லேன்னா அட்டையில பூசணிக்காய்ப் படத்தைப் போட்டுக்கறேன், அதுக்குத்தான் இப்ப சீசன்."

6.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரமேஜை. ஐஸ் பெட்டியை இறக்கி, டின்களை வரிசையாக வைத்தார்கள். ஓடெட் குவளைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

"இப்ப நீ சொல்லு. என்னோடது ஒண்ணு வந்துச்சு, நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் கோரின்.

கொலராடோ. "கடுங்குளிர்ல வண்டி ஒரே திருகுல ஸ்டார்ட் ஆன மாதிரி. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஞாபகம் வெச்சுக்கவும் ஒண்ணுமில்ல."

கோரின் வாயில் ஊற்றி வைத்திருந்து விழுங்கினாள். "சுத்தமா இருக்கு. நாக்குல ஒட்டவே இல்ல. தண்ணி நல்ல தண்ணி." எழுதிக்கொண்டாள்.

ஒரிகான். டிர்க்கின் முகம் கோணியது. "மரம் வெட்டுறவன் கையுறையைக் கடிச்ச மாதிரி." கொஞ்சம் பொறுத்து: "ஆனா மறுபடி கடிக்கணும் போல இருக்கே, ஏன்?"

"கசப்பு நாக்குக்குப் பின்னாலயே உக்காந்துக்கிட்டுப் போக மாட்டேங்குது, அதான். அதுக்குத்தான் ஜனங்க அங்க போறாங்க."

எங்கள் ஊர்க் கறுப்பு. டிர்க் ஒரு மடக்குக் குடித்தான். "சர்ச்சுக்குக் கீழ்க்கட்டுல பெரிய பாத்திரத்துல காபி போடுவாங்கல்ல. அதுல யாரோ கொஞ்சம் பாவத்தைக் கலந்துட்டாங்க."

கோரின் பேனாவைப் பிடித்தபடி மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள்.

கடைசியாக, வெர்மான்ட்டின் பழைய கலங்கல் பியர், கோரின் அந்த பீச் பழ வரியை எழுதிய ஓடெட்டின் முதல் பியர். டிர்க் குடித்தான். இன்னொரு மடக்கு குடித்தான். குவளையைக் கீழே வைக்கவில்லை.

"ஐயோ" என்றான்.

"என்ன?"

"இது நல்லா இருக்கு. பழச்சாறுன்னு சொல்லி எங்கம்மாவுக்கே குடுத்துடலாம். வாங்கிக் குடிச்சுட்டு, ஆண்டவரே இன்னும் கொஞ்சம்னு கேப்பா."

"ஓட்ஸ் போட்டிருக்கா. அதான் கஞ்சி மாதிரி மெத்துனு இறங்குது. வாசத்தைச் சொல்லு."

"பீச்சுன்னு சொல்ல மாட்டேன்."

"பீச் வாசமே வந்தா?"

"வந்தாலும் சொல்ல மாட்டேன்."

இருட்டும்வரை மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூக்கு அவனுடையது, நாக்கு அவளுடையது. கட்டுரை அங்கேயே பாதி எழுதி முடிந்தது.

7.

கட்டுரை இரண்டு பெயர்களோடு வந்தது. கொலராடோக்காரர்கள் திட்டி எழுதினார்கள். எது முதலாவது என்று கிரெட்சன் விடாப்பிடியாகக் கேட்டதில், கோரின் ஒரிகான் என்றாள், டிர்க் வெர்மான்ட் என்றான். அந்தச் சண்டையையே கடைசிப் பத்தியாகப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு பத்தி இருவர் பெயரிலும் வருகிறது. கிரெட்சன் கோரினோடு பழையபடி பேச மூன்று மாதம் பிடித்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கதைக்கு முடிவென்று ஒன்று கேட்பீர்கள். மூக்கு என்ன ஆயிற்று? திரும்பியதாக ஒரு முடிவு எழுதினேன்: ஒரு காலை, காபி வாசனை, கண்ணீர். பொய்யாக இருந்தது. திரும்பவே இல்லை என்று இன்னொன்று எழுதினேன். அதுவும் என் கையில் நிற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன மே மாதம் அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து இந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். தமிழில் எழுதுவதை ஆங்கிலத்தில் சொன்னால் பாதிதான் வரும். ஆனாலும் கேட்டார்கள். டிர்க் புது டின் ஒன்றை எடுக்க உள்ளே போனபோது, கோரின் என் பக்கம் குனிந்தாள்.

"உங்க கதையில என் மூக்கு திரும்புதா?"

"நிஜத்துல திரும்பிச்சா?"

"திரும்பினா இந்த மனுஷன் பேச்சை நிறுத்திடுவானே" என்றாள். "கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் முழுசு முழுசா வாக்கியம் பேசறான்."

டிர்க் வந்தான். கரோலினா பக்கத்திலிருந்து யாரோ அனுப்பியிருந்த பியர். மூன்று குவளைகளில் ஊற்றி, தன்னுடையதை எடுத்து முகர்ந்தான். கோரினும் தன் குவளையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். டிர்க் வாயைத் திறப்பதற்கு முன், அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தேன்.

"நாய்" என்றான் டிர்க். "மழையில நனைஞ்ச நாய். அதுவும் நம்ம நாய் இல்ல."

அவள் வெடித்துச் சிரித்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் முன்பே சிரிப்பு வந்திருக்கலாம். அல்லது வேறு காரணமாகவும் இருக்கலாம். நான் கண்டதைச் சொல்லிவிட்டேன். அந்த மேஜையில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நீங்கள் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள்.

கோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழங்கையை மேஜையில் ஊன்றி, அவனை நேராகப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள். "இன்னும் சொல்லு."