ஒரு கதவு அகலம்

மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே வந்திருந்த கார்க்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவரைச் சுவரில் மோதவைத்தாள் பெரியவரின் பேத்தி. மோதிய வேகத்தில் கடிகாரம் கழன்று விழுந்து, கூடத்தில் கிடத்தியிருந்த அவள் அப்பாவின் காலருகே நொறுங்கியது.

"கண்ணாடியில பின்னால பாத்துட்டுக் கதவைத் திறக்கமாட்டியா? எங்கப்பா தலை லாரிச் சக்கரத்துக்கு அடியில கெடந்துச்சுடா!"

வீட்டில் அவளுக்குப் பீரங்கி என்று பேர். கார்க்காரர் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வாய்க்குள் போனது.

"பாக்கலைம்மா. போனைப் பாத்துக்கிட்டே திறந்துட்டேன். அவரும் என் காரை ஒட்டியே சைக்கிள்ல வந்தாரு... கதவுல இடிச்சு நடுரோட்டுல விழுந்துட்டாரு."

பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். செத்துக் கிடந்த கணக்கு வாத்தியார் அவருடைய ஒரே மகன். 'நம்ம வீட்டு ஆளைப் பாத்து ஒருத்தன் ஹாரன் அடிச்சா அது நமக்குக் கேவலம்' என்பது பெரியவர் போட்ட சட்டம். மகன் அப்பன் சொல்லைத் தட்டாதவர். நிறுத்தியிருக்கும் கார்களை உரசாத குறையாக ஓரத்திலேயே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

வாசலில் கிடந்த சைக்கிளிலிருந்து காற்றடிக்கும் பம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள் பேத்தி.

"விடு தாயி, சாவு வீடு," என்று குறுக்கே வந்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

"மாமா, நகருங்க. இல்லேன்னா உங்களுக்கும் விழும்."

முதல் அடியில் கார்க்காரரின் தோள் இறங்கியது. அடுத்த அடியில் முன்கை எலும்பு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மூன்றாவது அடிக்கு அவர் தலையைக் குறிவைத்தாள்.

பெரியவர் எழுந்து நடுவில் வந்து நின்றார்.

"போதும். கொலைகாரி இருந்த வீடுன்னு பேர் வேணாம்."

"பேரா? இப்பவும் உங்களுக்குப் பேருதானா தாத்தா? காரை ஒட்டிப் போகாதப்பா, ஒரு கதவு அகலம் தள்ளிப் போப்பான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நடுவுல போறது போக்கிரிப்பய வேலைன்னு அவரை ஓரங்கட்டினது யாரு?"

"நான்தான்."

பம்பு ஓங்கியபடியே நின்றது. அவர் கண்ணை மூடவில்லை. அடி அவர் காதோரம் சுவரில் விழுந்தது. சுவர்ப் பூச்சு பெயர்ந்து அவர் தோளில் உதிர்ந்தது. பேத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர் கார்க்காரரின் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. அப்புறம் போலீஸ்ல நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. இவ அடிச்சதையும் சொல்லுங்க. மறைக்கிற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

வெயில் சாய்வதற்குள் தூக்கினார்கள். பாடைக்குப் பின்னால் பெரியவர் நடந்தார். தோளில் சுவர்ப் பூச்சின் தூள் அப்படியே இருந்தது. கடைத்தெரு வந்ததும் பழகிய கால்கள், வரிசையாக நின்ற கார்களின் பக்கம் தாமாகவே ஒதுங்கின.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

பெரியவர் நின்றார். கார்களை ஒட்டி வந்துகொண்டிருந்த பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். அவளையும் இழுத்துக்கொண்டு, ஒரு கதவு அகலம் சாலைக்குள் தள்ளி வந்து நடந்தார்.

ஹாரன் மறுபடியும் நீளமாக அலறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.